கேத்தல் தண்ணீர்

நெளுக்குளத்துக் கிணற்றடியில் வளர்ந்தவள் நான். குழாய்க்குள் தண்ணீர் கட்டியாகும் என்று யாரும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன், சகோதரிகளே.

டொரொன்டோவில் மகள் வீட்டில், ஒரு ஜனவரி சுபஹுக்கு வுழூச் செய்யக் குழாயைத் திறந்தேன். சொட்டும் வரவில்லை. கேத்தலில் இரவு மிஞ்சிய தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாய்மேல் ஊற்றப் போனேன். மகள் ஓடிவந்து தடுத்தாள்.

"உம்மா, திடீர்ச் சூட்டில் வெடிச்சிரும்!"

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்குமாம். அதில் குழாய் பிளந்திருந்தால், கட்டி உருகிய பிறகுதான் வீட்டுக்குள் வெள்ளம். ஆகவே முதல் வேலை பிரதான வால்வை மூடுவது. வாடகை வீடு, அது எங்கே என்று இருவருக்கும் தெரியாது! நிலவறையில் பெட்டிகளுக்குப் பின்னால் கண்டுபிடிக்க அரைமணி நேரம். (நீங்கள் குடிபுகும் நாளிலேயே கேட்டு வையுங்கள்.)

பிறகு குழாயைத் திறந்துவிட்டு, வாய்ப் பக்கத்திலிருந்து உள்நோக்கி ஹெயார் டிரையரால் மெல்லச் சூடேற்றினாள். நெருப்பு மட்டும் காட்டவே கூடாது. நான் கேத்தல் தண்ணீரை ஆறவைத்து வுழூச் செய்தேன். தொழுது முடிய, குழாய் இருமியது. வால்வைச் சற்றே திறந்து பார்த்தோம். எங்கும் ஒழுகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவு சிங்கின் கீழ் அலுமாரியைத் திறந்து, வீட்டுச் சூடு உள்ளே போக விட்டாள். குழாயையும் நூல்போல ஓடவிட்டாள், ஓடும் தண்ணீர் எளிதில் உறையாதாம். எனக்கு மனம் கேட்கவில்லை. கீழே ஒரு வாளியை வைத்தேன்.