நாடாவில் உறங்கும் காலம்

நுழையும்முன்

1980களிலும் 1990களிலும் நடைபெற்ற திருமணங்கள், மணிவிழாக்கள், பள்ளி ஆண்டு விழாக்கள் எனப் பலவும் தமிழக இல்லங்களில் இன்றும் காணொலி நாடாக்களாகவே இருக்கின்றன. மறைந்த பாட்டியின் நடையும் தாத்தாவின் குரலும் அந்நாடாக்களில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை மீட்க வேண்டுமாயின், அவற்றை இயக்கிய கருவியை அறிந்திருத்தல் வேண்டும்.

உருவாக்கியோர்

காட்சியைக் காந்த நாடாவில் பதியும் முயற்சியில் முதன்முதலில் வணிக வெற்றி கண்டது அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம். சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான குழு உருவாக்கிய கருவியை அந்நிறுவனம் 1956ஆம் ஆண்டு அறிமுகம் செய்தது. 2 அங்குல அகல நாடாவில் இயங்கிய அதன் விலை 50,000 டாலர். எனவே, தொலைக்காட்சி நிலையங்களே அதனை வாங்க இயன்றது.

கருவியை இல்லத்திற்குக் கொண்டுவரும் போட்டியில் ஜப்பான் முந்தியது. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ் முறையையும் வெளியிட்டன. தொடக்கக் காலப் பீட்டாமேக்ஸ் நாடா ஒரு மணி நேரமே ஓடியது. விஎச்எஸ் நாடாவோ இரண்டு மணி நேரம் ஓடியது. மேலும், ஜேவிசி தன் முறையைப் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. மட்சுஷிட்டா, ஹிட்டாச்சி, ஷார்ப், அகாய் முதலியவை அதனை ஏற்றன. இறுதியில், 1988இல் சோனியும் விஎச்எஸ் கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இக்கருவி ‘டெக்’ என்று பெயர் பெற்றது. அதனை வாடகைக்கு எடுத்துவந்து, அக்கம்பக்கத்தார் கூடி விடிய விடியப் படம் பார்ப்பது ஊர்தோறும் வழக்கமாயிற்று.

இயங்கும் முறை

விஎச்எஸ் நாடாவின் அகலம் அரை அங்குலம். நம் நாட்டில் வழங்கிய பால் முறையில் அது நொடிக்கு ஏறத்தாழ 2.3 செ.மீ. மட்டுமே நகரும். காட்சியின் நுண்விவரங்களைப் பதிய இவ்வேகம் போதாது. ஆகவே, காந்தத் தலைகள் பொருத்திய 62 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று நிமிடத்திற்கு 1,500 முறை சுழல்கிறது. சாய்வாகச் சுற்றிச் செல்லும் நாடாவின்மீது, சுழலும் தலைகள் சாய்ந்த கோடுகளாகக் காட்சியை எழுதுகின்றன. சாதாரணக் கருவிகளில் ஒலியை நாடாவின் ஓரத்தில் அசையாத வேறொரு தலை பதிகிறது.

பழுதறிதல்

இவ்வமைப்பை அறிந்தவர்க்குப் பழுதின் மூலம் எளிதில் புலப்படும். ஒலி தெளிவாகக் கேட்க, படத்தில் மட்டும் வெண்புள்ளிகள் பெய்தால், சுழலும் தலைகளில் அழுக்குப் படிந்திருக்கலாம். வேறொரு நாடாவை இட்டுப் பார்த்தால், குறை கருவியிலா நாடாவிலா என்பது விளங்கிவிடும். மென்தோல் துண்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, அதனை அசைக்காமல் உருளைமீது பிடித்தவாறு, உருளையைக் கையால் மெல்லச் சுழற்றித் துடைக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் மெல்லிய தலைகள் உடைந்துவிடும். பஞ்சின் இழைகள் தலைகளில் சிக்கும். ஆதலால் பஞ்சு கூடாது.

படத்தின் மேலோ கீழோ கலங்கிய பட்டை தோன்றினால், தலைகள் எழுதிய கோட்டைவிட்டு விலகிப் படிக்கின்றன எனலாம். கருவியின் ‘டிராக்கிங்’ குமிழைத் திருப்பினால் பெரும்பாலும் சீராகும். கருவி நாடாவைத் ‘தின்றால்’, ஓடிய நாடாவைச் சுருட்டும் சக்கரம் சுழலவில்லை என்பது பொருள். முதுமையால் தளர்ந்த ரப்பர்ப் பட்டையோ, வழுக்கும் ரப்பர்ச் சக்கரமோ அதற்குக் காரணமாகலாம். நாடாவை இட்டதும் இயக்கம் தானாக நின்றுபோவது, சுழற்சி இல்லாமையை உணர்ந்த கருவி நாடாவைக் காக்கச் செய்யும் ஏற்பாடாகவும் இருக்கும்.

உள்ளே வெண்பூசணம் தென்படும் நாடாவை எக்காரணம் கொண்டும் கருவியில் இடலாகாது. பூசணம் தலைகளில் ஒட்டி அடுத்தடுத்த நாடாக்களுக்கும் பரவும். மூடியைத் திறக்குமுன் மின்இணைப்பை அகற்ற வேண்டும். அகற்றிய பின்னும் மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அப்பகுதியைப் பயிற்சி பெற்றவரே தொடுதல் வேண்டும். பழுது நீக்கிய கருவியில் முதலில் இடவேண்டியது பயனற்ற ஒரு நாடாவையே. திருமண நாடாவைச் சோதனைக்கு உட்படுத்துவது, உள்ள ஒற்றைப் படியையும் இழப்பதற்கு வழியாகிவிடும்.

எஞ்சியுள்ள காலம்

இக்கருவிகளை இறுதிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், உதிரி பாகங்கள் கிடைப்பது அரிதானதால் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இன்று இயங்கும் ஒவ்வொரு கருவியும் பழையதே. நாடாவின் காந்தப் பூச்சும் ஆண்டுதோறும் நலிந்து வருகிறது. பழுது பார்க்கும் கைகளும் குறைந்து வருகின்றன. ஓலைச்சுவடிகள் கறையானுக்கு இரையாகுமுன் ஊர் ஊராகத் தேடி அச்சில் ஏற்றியவர்களால்தான் நம் பழைய நூல்கள் பல பிழைத்தன. ஓடும் கருவி ஒன்றேனும் கிடைக்கும் இக்காலத்திலேயே நாடாக்களைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளும் இல்லத்தாரும் அத்தகைய பணியையே தம் அளவில் செய்கின்றனர்.