கஞ்சியும் காஞ்சியும்

ஜான்ஸி நகருக்கு நான் மாற்றலாகி வந்த முதல் ஆண்டில் நிகழ்ந்தது இது. ஹோலிக்கு முதல் நாள் மாலை, ரயில்வே அலுவலக வேலை முடிந்து வீடு திரும்பினேன். கூடத்தில் மூடியிட்ட பாத்திரம் ஒன்று இருந்தது. அருகே என் தாயார் வாடிய முகத்துடன் அமர்ந்திருந்தார்.

"அடுத்த வீட்டு அம்மாள் 'காஞ்சி, காஞ்சி' என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். நம்மைக் கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் என்று நினைத்துவிட்டாளா, தம்பி?" என்று கேட்டார்.

அவர் மனம் புண்பட்டதில் வியப்பில்லை. என் தந்தை காலமானபின், பிறர் வீடுகளில் வேலை செய்து, அங்கே கிடைத்த கஞ்சியை எனக்கு ஊற்றி மெட்ரிகுலேஷன் வரை படிக்க வைத்தவர் அவர். அச்சொல்லின் சுமையை அவரன்றி வேறு யார் அறிவார்?

"அம்மா, இது அந்தக் கஞ்சி அன்று" என்று மூடியைத் திறந்தேன். செக்கச் சிவந்த நீர். கடுகின் நெடி மூக்கிலேறியது.

வேனிலை வரவேற்கும் ஹோலிக்கு உத்தரப் பிரதேசத்து இல்லங்களில் பலகாரங்கள் பல உண்டு. நம் சோமாசியைப் போன்ற குஜியாவுக்குள் கோவாவைப் பூரணமாக வைப்பர். பாதாம், கசகசா, சோம்பு, மிளகு ஆகியவற்றை அரைத்துப் பாலில் கலந்தால் தண்டாய். காஞ்சிக்கோ பொறுமை வேண்டும். குளிர்காலத்தில் விளையும் கருநிறக் காரட்டை நீளமாக நறுக்கி, நீரிலிட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் இடித்த கடுகும் சேர்ப்பர். பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, 3 முதல் 5 நாட்கள் வெயிலில் வைப்பர். தயிரைப் புளிக்க வைக்கும் இனத்து நுண்ணுயிர்களே இதையும் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏற ஏற, காரட்டின் கருஞ்சாயம் சிவப்பாகும். பாசிப்பருப்பு வடையை அதில் ஊறவிட்டால் காஞ்சி வடை.

"அரிசியே இல்லாமல் கஞ்சியா?" என்றாரே தவிர, அம்மா அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மையார் வடையுடன் வந்தார். என் தாயாரின் பாதங்களில் சிறிது வண்ணப்பொடியை இட்டு வணங்கினார். மூத்தோருக்கு ஹோலியன்று செய்யும் மரியாதை அது. அம்மா திகைத்து நின்றார், கண்கள் கலங்கின. பிறகு தாமே ஒரு குவளை காஞ்சியை ஊற்றிப் பருகினார்.

"நம் பழையசோற்று நீராகாரத்தின் புளிப்புத்தான், கடுகு மட்டும் கூடுதல்" என்றார்.

அவ்வாண்டு ஸ்ரீராம நவமியன்று எங்கள் வீட்டுப் பானகமும் நீர்மோரும் அடுத்த வீட்டுக்குச் சென்றன. இப்போது மாசி மாதம் வந்தால் எங்கள் மதில்மேலும் ஒரு ஜாடி வெயில் காய்கிறது.

அன்பர்களே, அயலூரில் ஒரு சொல் நம்மைச் சுட்டால், அதன் பொருளைக் கேட்டறிந்த பிறகே வருந்துவோம்.