பதுளை ஸ்டேஷனும் ஜப்பான் பிள்ளையும்



பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். 2024 உடன் நூறு வருஷம் நிறைந்தது. அதை ஒட்டி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். மாணவர் பரிமாற்றத்தில் ஜப்பானில் இருந்து வந்த ஒரு பிள்ளை அவளோடு ஒரே அறை. சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "சேர், எனக்கு டவுனைப் பற்றி விளக்கமாச் சொல்லத் தெரியாது, நீங்களும் வாங்க" என்றாள். போனேன்.

இரண்டு பேரும் எல்லயில் இறங்கி ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் பதுளைக்கு வந்தார்கள். 1921 இல் இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டிய பாலம். வருகிற வெள்ளைக்காரர் எல்லாருடைய போனிலும் அந்தப் படம் இருக்கும். கொழும்பில் இருந்து ஏறக்குறைய 290 கிலோமீற்றர் வந்து முடிகிற கடைசி ஸ்டேஷன் நம்முடையது என்பது பலருக்குத் தெரியாது. எல்லயோடு இறங்கிவிடுவார்கள்.

முதியங்கனை விகாரையைப் பார்த்தோம். நான் டவுன் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு வரும்வரை இரண்டு பேரும் கடையில் வடையும் பிளேன்டீயும் குடித்தார்கள். பிறகு சென் மார்க்ஸ் தேவாலயம். மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டியது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று சொல்வார்கள். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். "ஒரு ஆளுக்காகவா இவ்வளவு பெரிய கட்டடம்?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. பின்னேரம் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சி. பொழுது சாயும் நேரம் பசறை வழியாக மடுல்சீமை பஸ்.

இரவு லயத்தில் சாப்பாடு. மாணவியின் அம்மாயிக்கு எழுபதுக்கு மேல் வயது. ரொட்டியும் சம்பலும் வைத்தார். வந்த பிள்ளை மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டது: "நீங்கள் எப்போதாவது ரயிலில் போயிருக்கிறீர்களா?" மாணவி தமிழில் சொன்னாள்.

அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் ஏறினதில்ல. ஏத்தி விட்டிருக்கேன். எங்க அக்காவுக்கு இந்தியா விழுந்துச்சு, எங்களுக்கு இலங்கை விழுந்துச்சு. பதுளை டேசன்லதான் கோச்சி ஏத்தினோம். கோச்சி நகந்ததும் எங்கப்பா கூடவே ஓடினாரு, மேடை முடியிற வரைக்கும்."

தலைமன்னார் வரை ரயில், பிறகு கப்பல், இராமேஸ்வரம். அக்கா குடும்பம் கடைசியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குப் போனதாம். சில வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1948 குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. 1984 இல் கப்பலும் நின்றது. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டில்.

என் வாப்பாவும் இதைச் சொல்லியிருக்கிறார். பஜாரில் எங்களுக்குச் சின்னக் கடை. இந்தியா போகிறவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் வந்து கடன் கொப்பியில் இருந்ததைச் சதம் சதமாகக் கட்டிவிட்டுத்தான் போவார்களாம். கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாலும் கேட்கமாட்டார்களாம். "கடனோட கப்பல் ஏறக்கூடாது மொதலாளி" என்று ஒரு பெரியவர் சொன்னதை வாப்பா மௌத்தாகும் வரை மறக்கவில்லை.

அன்று இரவு என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. என் மாணவி வருஷத்துக்கு நாலைந்து தடவை அதே ஸ்டேஷனில்தான் ஏறி இறங்குகிறாள். பெரிய அம்மாயி ஒருவர் இருந்தார், அங்கிருந்துதான் போனார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "ஏன் அம்மாயி எனக்குச் சொல்லல?" என்று அழுதாள். "நீ கேக்கலியே பிள்ள. இந்தப் பிள்ளதான் கேட்டுச்சு" என்றார் அவர்.

ஞாயிறு காலை சிறிய உலக முடிவுக்குப் போனோம். நல்ல பனி, ஒன்றும் தெரியவில்லை. மாலையில் கண்டி போகும் ரயிலுக்காக நிற்கும்போது ஜப்பான் பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கிருந்து போனவர்களைப் பற்றி ஏதாவது பலகை இருக்கிறதா?" என்று கேட்டது. அப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை என்று சொன்னேன்.

பலகை வைப்பது நம் கையில் இல்லை. கேட்டு எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது. ஏற்றி அனுப்பியவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஒவ்வொரு மாதமும் ஒரு மையத்து, ஒரு சாவு வீடு என்று போய்க்கொண்டிருக்கிறோம். அவர்களோடு இந்தக் கதைகளும் போகின்றன.

அதனால் ஒரு வேண்டுகோள். தோட்டத்துக் குடும்பமோ பஜார் குடும்பமோ, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யார் போனார்கள்? எந்தத் தோட்டம், எந்த வருஷம்? கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது? ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய கடிதம், போட்டோ, பாஸ்போர்ட் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், போனில் படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருகிறேன். தரம் பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து இதைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அம்மாயியின் அக்கா பெயரை என் மாணவியே எழுதித் தந்திருக்கிறாள்.

கூடலூர்ப் பக்கம் உறவுகள் உள்ளவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மாயி இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.