பேட்டரிக் கட்டை நான்கு

கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவிக்கு நம் சட்டம் இரண்டு கெடுக்கள் வைத்திருக்கிறது. 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, உயிரோடிருந்தால் யாருக்கு இயல்பாகத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதற்கு முன் இறந்துவிட்டார் என்று சொன்னால் நிரூபிக்கும் பாரம் சொல்பவர் தலையில். இன்னொரு பக்கம், பிறர் செய்த தவறால் ஒருவர் இறந்தால் அவர் குடும்பம் நஷ்டஈடு கேட்பதற்கு 1855-ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. ஆனால் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 82-ஆம் இனம், இறந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும் என்கிறது. ஏழு ஆண்டு காத்திருந்தால் வழக்கு காலாவதி. இரண்டு ஆண்டுக்குள் வந்தால், ‘செத்ததற்கு என்னம்மா அத்தாட்சி?’ என்ற கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்காக நான் இராமநாதபுரம் சார்பு நீதிமன்றத்தில் வாதாடினேன். இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

அவள் கணவர் பாம்பனின் வடகரையில் ஒரு பழைய பாய் வள்ளத்தை விலைக்கு வாங்கினார். 22 அடி நீளம், எஞ்சின் கிடையாது. அதைத் தொண்டிக்குத் தெற்கே உள்ள தன் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். கடல்வழியில் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். பிறர் வள்ளத்தில் கூலியாக எத்தனையோ இரவுகள் போனவர்தான். ஆனாலும் தானே சுக்கான் பிடித்து, தன் பொறுப்பில் ஓர் இரவு முழுக்க ஓட்டிக் கரை சேர்வது அதுதான் முதல் தடவை. துணைக்கு மனைவியின் தம்பி, பதினேழு வயதுப் பையன். விடியுமுன் சுமார் ஆறு மணி நேரம் தண்ணீரில் மிதந்த அந்தப் பையனை நண்டு வலைக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அவர் கிடைக்கவில்லை, உடலும் ஒதுங்கவில்லை.

அவர் அந்த இரவை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதை அவள் என் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னபோது, அதுவரை எந்தத் தாளிலும் இல்லாத ஒரு பயணத் திட்டம் என் முன்னால் விரிந்தது. ஆவணி மாதம், தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளித்தாலும் பாக் நீரிணைப் பக்கம் கடல் அடங்கியிருக்கும், வடமேற்காக ஓடும் வள்ளத்துக்குக் காற்று பக்கவாட்டில் கிடைக்கும். தேய்பிறை அட்டமி, நடுநிசிக்கு நிலா எழும், எனவே ஆழம் குறைந்த, வலைக் கம்புகள் நட்டிருக்கும் ஊர்க்கரையை நெருங்கும்போது வெளிச்சம் இருக்கும். முன்னிரவின் இருட்டுக்கு இராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரம்: 323 மீட்டர் உயரத்தில் எரியும் அதன் சிவப்பு விளக்கை முதுகுக்குப் பின்னால் சற்று வலப்பக்கமாக வைத்துக்கொண்டே போனால் திசை தவறாது. எல்லாவற்றுக்கும் மேல், அன்று நாட்டுப்படகுகளின் நாள். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். அந்த இரவு கடலில் விசைப்படகு இருக்காது என்பதுதான் அவர் கணக்கின் அடித்தளம். காற்றையும் நிலவையும் அவர் சரியாகவே கணித்திருந்தார். விதியை மற்றவர்களும் மதிப்பார்கள் என்று நம்பிய இடத்தில்தான், ஒரு விசைப்படகு இடித்து, உயிர் போனது.

காவல் நிலையத்தில் ‘ஆள் காணவில்லை’ என்று பதிந்திருந்தார்கள். பையன் மயக்கத்தில் கிடந்த நேரத்தில் யாரோ சொல்ல யாரோ எழுதிய அந்த இரண்டு சொற்கள் பிறகு எல்லா அலுவலகங்களிலும் அவளுக்கு முன்னால் போய் நின்றன. ‘விபத்தில் மரணம்’ என்றிருந்தால் விசாரணை ஒரு வழியில் போயிருக்கும். காணவில்லை என்றால் தேட வேண்டும், தேடிக் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டும். விபத்துக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டார்கள். பிரேதம் இருந்தால் அவள் ஏன் அத்தனை படி ஏறப்போகிறாள்? நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லாததால் பாப்பர் மனுவோடு, இரண்டு ஆண்டு முடியச் சில வாரங்கள் இருக்கையில் வழக்கைப் போட்டோம்.

இடித்ததாக நாங்கள் சொன்ன விசைப்படகின் உரிமையாளர் தரப்பில் முதல் வாதம் எளிமையானது: எங்கள் படகு அன்று கடலுக்கே போகவில்லை. விசைப்படகு கிளம்ப மீன்துறை டோக்கன் வேண்டும். அது விசைப்படகின் நாள் இல்லை. எனவே டோக்கன் இல்லை, எனவே பதிவேட்டில் பெயர் இல்லை. விதியை மீறிப் போனவனுக்கு அந்த விதியின் பதிவேடே சாட்சி சொல்ல வந்தது. நான் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. மானிய டீசல் வழங்கிய கணக்குப் புத்தகத்தை வரவழைக்க மனுப் போட்டேன். அன்று பிற்பகல் அந்தப் படகு டேங்கை நிரப்பியிருந்தது. மறுநாள் காலை மறுபடியும் நிரப்பியிருந்தது. இடையில் கடலுக்குப் போகாத படகு அத்தனை டீசலை எங்கே எரித்தது என்ற கேள்விக்கு உரிமையாளர் கூண்டில் நின்று தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

அடுத்தது, வள்ளத்தில் விளக்கு இல்லை என்ற வாதம். விளக்கில்லாமல் இருட்டில் போனவன்மேல் இடித்தால் குற்றம் யாருடையது என்று கேட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் 1972-ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகளை எழுதியவர்கள் சிறிய வள்ளத்தின் நிலைமையை யோசித்திருக்கிறார்கள். 25-ஆம் விதி, ஏழு மீட்டருக்குக் குறைவான பாய்க்கலம் முடிந்தால் முழு விளக்குகளையும் காட்ட வேண்டும், முடியாவிட்டால் ஒரு டார்ச்சையோ எரியும் லாந்தரையோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்து மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்கிறது. 22 அடி என்பது ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 5-ஆம் விதியோ எந்தக் கலமாக இருந்தாலும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. பையன் டார்ச்சை உயர்த்திக் காட்டினான். எதிரே வந்த படகு திரும்பவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் அதன் முகப்பின் நிறத்தையும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களையும் அவன் பார்த்தான். ஆக, வழக்கு முழுவதும் அந்த டார்ச்சில் வந்து நின்றது. டார்ச் இருந்ததா, எரிந்ததா என்பதற்குப் பையனின் வாய்மொழியைத் தவிர வேறென்ன?

ஊர்ப் பெட்டிக்கடைக்காரரின் கடன் நோட்டு இருந்தது. பாம்பனுக்குப் பஸ் ஏறிய அன்று காலை அவள் கணவர் கணக்கில் பீடி ஒரு கட்டு, தீப்பெட்டி இரண்டு, பேட்டரிக் கட்டை நான்கு. டார்ச்சுக்கு இரண்டு, மாற்றுக்கு இரண்டு. கடைக்காரர் தினமும் எழுதும் வரிசையில், முன்னும் பின்னும் மற்றவர்களின் கடனோடு சேர்ந்து, இடையில் செருக முடியாத இடத்தில் அந்த வரி இருந்தது. நான் தாக்கல் செய்த ஆவணங்களிலேயே கனமானது அதுதான்.

மீதித் திட்டமெல்லாம் அவர் மனைவியிடம் சொன்ன பேச்சு. ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வதை நீதிமன்றம் சாதாரணமாக ஏற்காது. சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு அதற்கு விலக்குத் தந்தது: இறந்துபோனவர் தன் மரணத்தில் போய் முடிந்த நிகழ்வின் சூழ்நிலை பற்றிச் சொன்னது சாட்சியமாகும். 1939-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த பகாலா நாராயணசுவாமி வழக்கில், கொலையுண்டவர் கிளம்புமுன் தான் எங்கே, எதற்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்ன சொல்லை ஏற்றார்கள். எதிர்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். “அவர் இறந்தார் என்று நிரூபித்தால்தானே அந்தப் பேச்சு உள்ளே வரும்? அந்தப் பேச்சை வைத்தே இறந்தார் என்று நிரூபிக்கப் பார்க்கிறார்கள்” என்றார். நான் 32-ஆம் பிரிவின் தொடக்க வரியைப் படித்தேன். இறந்தவர்களை மட்டும் அது சொல்லவில்லை. கண்டுபிடிக்க முடியாதவர்களையும் சேர்த்தே சொல்கிறது. மேலும், மரணத்துக்கு அடிப்படைச் சான்று மோதலை நேரில் கண்ட பையன். நிலா எழுமுன் இடித்தது என்று அவன் சொன்னதற்கும், நிலாவைக் கணக்கிட்டு அவர் கிளம்பியதற்கும் பொருத்தம் இருக்கிறது என்றேன். நீதிபதி ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டு சாட்சியத்தை அனுமதித்தார்.

குறுக்கு விசாரணையில் அந்த வக்கீல் அவளிடம் கேட்டார்: “கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் குங்குமம் இருக்கிறது. உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று நீங்களே நம்புகிறீர்கள், சரிதானே?”

நான் எழுந்து ஆட்சேபித்தேன். மனதைப் புண்படுத்தும் கேள்வியைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவள் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டாள்.

“உசுரோட இருந்தா வந்திருப்பாரு சார். புள்ளைய விட்டுட்டு ரெண்டு நாளு இருக்க மாட்டாரு. செத்துட்டாருன்னு கோர்ட்டு சொல்லட்டும், அன்னைக்குக் கழட்டுறேன். நானாக் கழட்டுனா, அவளே முடிவு பண்ணிட்டாம்பாங்க ஊருல. கழட்டாட்டா நீங்க கேக்குறீங்க.”

நீதிமன்றத்தில் யாரும் பேசவில்லை. உயிரோடிருந்தால் வந்திருப்பார் என்ற முதல் வரிதான் 108-ஆம் பிரிவின் தத்துவம் முழுவதும். ஏழு ஆண்டு என்பது அந்த எண்ணம் பொதுவாக உறுதிப்படச் சட்டம் கொடுத்த அவகாசம். கப்பல் உடைந்து, உடனிருந்தவன் கண்ணெதிரே மூழ்கியவருக்கும், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போனவருக்கும் அதே அவகாசம் தேவையில்லை என்றும், சூழ்நிலைகளிலிருந்து முன்னதாகவே மரணத்தை ஊகிக்க நீதிமன்றத்துக்குத் தடையில்லை என்றும் என் இறுதி வாதத்தை அவள் பதிலிலிருந்தே தொடங்கினேன்.

சார்பு நீதிபதி அதை ஏற்றார். அன்றிரவே மரணம், விசைப்படகின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பளித்தார். உரிமையாளர் மேல்முறையீடு செய்தார். அது விசாரணைக்கு வருவதற்குள் ஏழு ஆண்டும் கடந்துவிட்டது. அப்போது அதே வக்கீல் வாதத்தைத் திருப்பிப் போட்டார்: மரணம் இப்போது ஊகிக்கப்படலாம், ஆனால் 108-ஆம் பிரிவு இறந்த நாளை ஊகிக்கவில்லை, எனவே வழக்குப் போட்ட நாளில் அவர் இறந்திருந்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்றார். சட்டப்படி அதில் உண்மையும் இருந்தது. நாளை ஊகிக்க முடியாது, நிரூபிக்கத்தான் வேண்டும். பையனும் டீசல் புத்தகமும் கடன் நோட்டும் அதை நிரூபித்திருந்ததால் தீர்ப்பு நின்றது. தொகை வட்டியோடு வந்தது. பெரிய தொகை இல்லை. கூலிக்காரரின் வருமானத்தை வைத்து அளந்தது.

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஒன்றும் இருந்தது. அதைத்தான் மீட்க முடியவில்லை. கணவர் போன பிறகு அவள் பிரீமியம் கட்டவில்லை. செத்தவருக்கு யார் கட்டுவார்கள்? ஆனால் ஏழு ஆண்டு ஊகத்தை நம்பி வருபவர், அதுவரை பாலிசியை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பதே 2004-இல் உச்ச நீதிமன்றம் இதுபோன்ற ஒரு வழக்கில் சொன்னதன் விளைவு. எங்கள் தீர்ப்பு இறந்த நாளைச் சொன்ன பிறகு அதைக் காட்டி எழுதினோம். அந்த வழக்கில் தாங்கள் கட்சிக்காரர் இல்லை என்று நிறுவனம் பதில் எழுதியது. இன்னொரு வழக்குப் போட அவளுக்கு மனமில்லை. பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும், கோர்ட்டுக்கு அலைந்த நாளெல்லாம் கூலி போன நாள் என்றாள்.

2017-இல் ஒக்கிப் புயலில் காணாமற்போன மீனவர்களின் குடும்பங்களை ஏழு ஆண்டு காக்க வைக்காமல் நிவாரணம் தர அரசு தனி ஏற்பாடு செய்தது. செய்ய முடியும் என்பதற்கு அது போதிய சான்று. 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. 108 என்ற எண் 111 ஆகியிருக்கிறது, ஏழு ஆண்டு அப்படியே இருக்கிறது. புயலில்லாத சாதாரண இரவில், ஒரே வள்ளத்தில், ஒரே ஆளாகத் தொலைபவருக்கும் கோட்டாட்சியர் உடனடியாக விசாரணை நடத்தி, சாட்சிகளைக் கேட்டு, ஓராண்டுக்குள் மரணச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று கிடைக்கும் வரை இரண்டு ஆண்டுக் கெடு ஓடக் கூடாது. சட்டத்தில் இதற்கு நான்கு வரி சேர்த்தால் போதும்.