கடப்பா கல்லும் விரல் நுழையும் இடுக்கும்

கொல்லைப்புறத்தில் கடப்பா கல் பாவிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். துவைக்கிற கல், அடிபம்பு, துளசி மாடம், சுற்றிலும் கறுப்புக் கறுப்பாகக் கற்கள். எல்லோரும் கல்லைத்தான் பார்ப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கை யாராவது தடுக்கி விழுந்த பிறகுதான் பார்ப்பார்கள்.

திருச்சிப் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தா வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. இடுக்கில் இருந்த பழைய சிமென்ட் எப்போதோ உதிர்ந்துவிட்டது. முதலில் அருகம்புல் முளைத்தது. அப்புறம் எறும்பு வந்து அடியிலிருந்த மணலை மேலே கொண்டு வந்து குவித்தது. துவைத்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் அதே வழியாக இறங்க, மிச்ச மணலும் அரித்துப் போய் ஒரு கல் ஆட ஆரம்பித்தது.

"ஏங்க, அந்தக் கல்லு ஆடுது, யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க" என்று அவர் மனைவி ஒரு வருடம் சொன்னார். அவரும் "பார்க்கலாம்" என்று ஒரு வருடம் சொன்னார். ஒரு கார்த்திகை மழையில் ஈரத்துணி வாளியோடு அந்த அம்மா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கொத்தனார் வந்தார்.

(காமர்ஸ் மாணவர்களுக்கு: இடுக்கு அடைப்பது ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். அந்த வருடத்துக் கணக்கிலேயே முடிந்துவிடும். தள்ளிப்போட்டதால் வந்த மாவுக்கட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பாடப் புத்தகத்தில் இல்லை :-) )

"மேலாப்புல சிமென்ட் பால் ஊத்தினா ஒரு மணி நேர வேலை சார். கிண்டி எடுத்து அடைச்சா ரெண்டு நாள் கூலி ஆகும்" என்றார் கொத்தனார். ஆஸ்பத்திரி பில் கட்டி முடித்த கையோடு நின்றவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லவே வேண்டாம். ஆடுகிற கல்லுக்கு அடியில் இரண்டு ஜல்லியைச் செருகி, மேலே பாலை ஊற்றியாயிற்று.

சித்திரை வெயிலில் அது அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. வராமல் என்ன செய்யும்? பகலில் கல் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. அழுக்கின் மேலும் பழைய மண்ணின் மேலும் ஒட்டிய மெல்லிய ஏடு அதை எத்தனை நாள் தாங்கும்?

இதற்கிடையில் இன்னொரு கூத்து. கல் மேல் படிந்த சிமென்ட் கறையைப் போக்க, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை எடுத்து ஊற்றினார் மனிதர். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. பொங்கிக்கொண்டு நுரைத்தது. கறுப்பு போய் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு நின்றது. இன்றும் நிற்கிறது.

இரண்டாம் முறை, கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை. உளியால் ஒரு அங்குல ஆழத்துக்குப் பழையதையெல்லாம் கிண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்கள். ஆடிய கல்லைப் பெயர்த்து, அடியில் மணல் நிரப்பிக் கெட்டித்து, தண்ணீர் ஜலதாரைப் பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம் பார்த்து வைத்தார்கள். பிறகுதான் கலவை. ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு சலித்த மணல், தண்ணீர் கம்மி. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. நனைத்த இடுக்கில் சின்னக் கரண்டியால் அதைக் குத்தி இறக்கி, கல் மேல் பட்டதைக் காய்வதற்குள் ஈரச் சாக்கால் துடைத்தார் கொத்தனார். அப்புறம் ஏழு நாள் நனைந்த சாக்குதான் அங்கே விரிப்பு. "அவசரப்பட்டு நடந்தீங்கன்னா மறுபடியும் என்னைத்தான் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாக்கடைத் தொட்டியை மூடிய நான்கு கற்களைச் சுற்றி மட்டும் அவர் சிமென்ட் வைக்கவில்லை. அடைப்பு எடுக்கத் திறக்கும்போது கல்லை உடைக்கக் கூடாதே என்று அங்கே வெறும் மணல். வாசலில் போடுகிற பேவர் பிளாக்குக்கும் இதே கதைதான். இடுக்கில் இறங்கிய மணல்தான் அவற்றை ஒன்றோடொன்று பிடித்துவைக்கிறது. அது தெரியாமல் அதன் மேலும் சிமென்ட் பால் ஊற்றுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

மணலை எறும்பு விடுமா? மாதம் ஒருமுறை ஒரு கொட்டாங்கச்சி மணலோடு அந்த நான்கு கல்லைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து நிரப்புகிறார் அவர். மனைவிக்கு மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்குவதில்லை. அதனால் துணி பிழிகிறதும் இப்போது அவர்தான்.