இரட்டை எழுத்துக் காசும் இலட்சக் கனவும்

"உங்களிடம் உள்ள பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் பணம் தருகிறோம்" என்ற செய்தி கைத்தொலைபேசி வழியாகத் தோட்டத்து லயங்களுக்கும் வந்துவிட்டது. பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பெண்கள் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்யும் என்னிடம் இது உண்மையா என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுள் ஒரு அக்காவின் கதையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1983 வன்செயலின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. 2009 இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தங்கையின் லயக் காம்பராவுக்குத் திரும்பி வந்தவர். அவரிடம் ஒரு இரண்டு ரூபாய்க் காசு இருந்தது. அதில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிந்தது. ஒன்றரை இலட்சம் தருவதாகத் தொலைபேசியில் ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் முதலில் 7,500 ரூபாய் "பதிவுக் கட்டணம்" வைப்பிலிட வேண்டுமாம்.

"காதுல கெடக்கிறத அடகு வச்சா கட்டிரலாம் மிஸ். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

நான் படித்தது சமூகவியல். நாணயம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, கண்டியில் நாணயம் சேர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அவரைக் கூட்டிப் போனேன். அவர் சொல்லித் தந்ததை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

நாணயம் அடிக்கும் அச்சு, ஒரு தாய் அச்சிலிருந்து அழுத்தி எடுக்கப்படுகிறது. முன்னர் ஒரு தடவை அழுத்தினால் உருவம் முழுமையாகப் பதியாது. ஆகவே அச்சைச் சூடாக்கி, மென்மையாக்கி மீண்டும் அழுத்துவார்கள். இரண்டாம் தடவை சற்று விலகிவிட்டால் அச்சிலேயே எழுத்து இரட்டையாகிவிடும். பிறகு அந்த அச்சில் அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு அதே இடத்தில் இருக்கும். இதுதான் உண்மையான இரட்டை அச்சுப் பிழை. 1955 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த ஒரு சதக் காசு இதற்குப் பேர்போனது. அத்தகைய காசுகள் இருபதாயிரத்துக்கு மேல் வெளியே போய்விட்டன. அவற்றுக்கு இன்றும் நல்ல விலை உண்டு. அதனால் போலிகளும் உண்டு.

நம் கைக்கு வரும் இரட்டை எழுத்துக் காசுகளில் பெரும்பாலானவை இந்த வகை அல்ல. காசு அடிக்கும் கணத்தில் அச்சு இலேசாக அசைந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். அச்சு தேய்ந்துபோனாலும் எழுத்தின் ஓரம் வீங்கி மங்கும். இவற்றுக்குத் தனி விலை கிடையாது.

வேறுபாடு காண்பது இப்படி. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் காசைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான பிழையில் இரண்டாவது எழுத்தும் முதல் எழுத்தைப் போலவே உருண்டு திரண்டு நிற்கும். எழுத்து வழமையை விடத் தடித்திருக்கும். அதன் முனைகள் இரண்டாகப் பிளந்திருக்கும். அசைவினால் வந்ததோ படிக்கட்டுப் போலத் தட்டையாக, தாழ்வாக, பளபளப்பாக இருக்கும். அதில் எழுத்தின் ஒரு பகுதி நசுங்கி மெலிந்திருக்கும்.

அக்காவின் காசில் தெரிந்தது அந்தத் தட்டையான படிதான். அவரே கண்ணாடியில் பார்த்தார். "அப்ப இது ரெண்டு ரூவாதான்" என்றார். பிறகு பஸ்ஸில் தலவாக்கலை வரும்வரை ஒன்றும் பேசவில்லை. தோடு காதிலேயே இருந்தது. ஆனால் மகளின் படிப்புக்கென்று மனதில் எண்ணி வைத்திருந்த ஒன்றரை இலட்சம் போய்விட்டது.

இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழப்பீட்டுக்கு ஒரு படிவம், காணாமற் போனவருக்கு ஒரு படிவம், வீட்டுக்கு ஒரு பதிவு என்று வருடக்கணக்காகக் காத்திருந்த பெண்களுக்கு, இன்னொரு "பதிவு" புதுமையாகத் தோன்றாது. ஏமாற்றுபவர்கள் அந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவிலும் இதே மோசடி நடந்தது. தனது பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களுக்குக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

ஆகவே சகோதரிகளே, வித்தியாசமான காசு கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். துலக்கினால் உள்ள மதிப்பும் போய்விடும். ஒரு கடதாசி உறையில் போட்டு வையுங்கள். அதே ஆண்டுக் காசுகள் சிலவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்க நினைத்தால் காசை நேரில் காட்டி, இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். அடையாள அட்டைப் படத்தையும் வங்கிப் புத்தகப் படத்தையும் எவருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் வெட்கப்படாமல் வங்கிக்கும் பொலிசுக்கும் உடனே அறிவியுங்கள். அனுப்பிய செய்திகளையும் பற்றுச்சீட்டையும் அழிக்காதீர்கள்.

பொருளை வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். விற்கிற உங்களிடம் ஒருவர் முதலில் பணம் கேட்டால், அந்தக் காசைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவும் தேவையில்லை.