போபால்ல ஒரு நாள் இறங்குங்க!

டூர், சிம்போசியம், இன்டர்வியூ... ஏதாவது ஒரு காரணத்துக்காக சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் ஏறுவீங்க. தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ, ஜி.டி. எக்ஸ்பிரஸோ, எதில் போனாலும் நடுவில் போபால் வரும். ஓடிப்போய் பாட்டிலில் தண்ணி பிடிச்சு, ஒரு டீ வாங்கிட்டு ஏறிடுவோம். அடுத்த தடவை லீவு கையில இருந்தா, அங்கே ஒரு நாள் இறங்குங்க.

அழகான ஊர். நடுவிலேயே பெரிய ஏரி. சாஞ்சி ஸ்தூபி, பீம்பேட்கா குகை ஓவியங்கள்... ரெண்டுமே போய்த் திரும்பற தூரம். எல்லாத்தையும் பாருங்க. கூடவே, டூரிஸ்ட்டுகள் அதிகம் போகாத ஜே.பி. நகருக்கும் அரை நாள் ஒதுக்குங்க.

அங்கே ஒரு நீளமான மதில் சுவர். உள்ளே, யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையின் துருப்பிடித்த மிச்சம். சும்மா நுழைஞ்சிட முடியாது, அனுமதி வேணும். எதிரே, குழந்தையை அணைத்தபடி ஒரு கையால் முகத்தை மூடி நிற்கும் தாயின் சிலை. 1985-ல் ரூத் வாட்டர்மேன் என்ற டச்சு சிற்பி செய்தது.

1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு. 610-ம் எண் டாங்க்கில் தண்ணீர் புகுந்து, சூடேறி, சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் ஊருக்குள் பரவியது. டாங்க்கைக் குளிர வைக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் வேலை செய்யவில்லை. கெமிக்கல் இன்ஜினீயரிங் மக்களே, இந்த ரெண்டு வரியை அடிக்கோடு போட்டுக்கங்க!

ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தது நமக்குத் தெரியும். பிழைத்தவர்கள் என்ன ஆனாங்க? அதுதான் போபாலின் பெரிய கதை. நுரையீரல் கெட்டது, பார்வை மங்கியது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேலைக்குப் போக முடியாதவர்கள் ஏராளம்.

1985-ல் ஒரு சட்டம் போட்டு, எல்லோர் சார்பிலும் நானே வழக்கு நடத்துகிறேன் என்றது மத்திய அரசு. கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் சமரசம் ஆனது 47 கோடி டாலருக்கு! பாதிக்கப்பட்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்று போட்ட கணக்கு அது. கடைசியில் நஷ்டஈட்டுக்குத் தகுதியானவர்கள் என்று ஏற்கப்பட்டவர்களோ ஐந்தரை லட்சத்துக்கும் மேல். ஒருத்தருக்குச் சமைத்த சோத்தை அஞ்சு பேர் பங்கு போட்ட கதைதான்.

அதை வாங்கறதும் லேசில்லை. ‘எனக்கு உடம்பு சரியில்லை’ன்னு சொன்னா போதாது. சீட்டு வேணும், டெஸ்ட் ரிசல்ட் வேணும், அதை வெச்சு அதிகாரிகள் உங்க நோயை வகை பிரிப்பாங்க. உயிர் தப்பி ஓடின ராத்திரியில் யார் ரசீது வாங்கி வெச்சிருப்பா, சொல்லுங்க? பெரும்பாலானவர்களை ‘தற்காலிக பாதிப்பு’ வகையில் போட்டார்கள். அவர்களுக்கு 25,000 ரூபாய். மாதம் 200 ரூபாய் என்று இடைக்கால நிவாரணமாகக் கொடுத்ததையும் அதில் கழித்துக்கொண்டார்கள். 2004-ல் கோர்ட் சொன்ன பிறகு இன்னொரு 25,000. ஆக 50,000. நாற்பது வருஷத்துக்கு வகுத்துப் பாருங்க... ஒரு நாளைக்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. டீக்கே பத்தாது, மாத்திரைக்கு?

இன்னும் 7,844 கோடி ரூபாய் வேண்டும் என்று மத்திய அரசு 2010-ல் மறுபடி கோர்ட்டுக்குப் போனது. 2023 மார்ச்சில் மனு தள்ளுபடி. பணம் பத்தாவிட்டால் அதை ஈடுகட்டுவது அரசின் பொறுப்பு என்றது சுப்ரீம் கோர்ட்.

வைத்தியம்? கம்பெனியின் பங்குகளை விற்ற பணத்தில் போபால் மெமோரியல் மருத்துவமனை வந்தது. திறக்கும்போது வருஷம் 2000! ஐ.சி.எம்.ஆர். நடத்திய நீண்டகால ஆய்வு 1994-லேயே நின்றுபோனது. நோய் நிற்கவில்லை, அதைக் கணக்கெடுப்பது நின்றுவிட்டது.

அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் சாதாரண ஜனங்கள். 1996-ல் ‘சம்பாவனா’ கிளினிக் இலவச சிகிச்சையை ஆரம்பித்தது. ஆங்கில மருந்து, ஆயுர்வேதம், யோகா மூன்றும் ஒரே கூரையின் கீழ். ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்று இரண்டு பெண்கள். விஷவாயுவில் சிக்கிப் பிழைத்து, ஸ்டேஷனரி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். 2004-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்ததும், அந்தப் பணத்தில் தங்களுக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. ஊனத்தோடு பிறந்த குழந்தைகளுக்காக ‘சிங்காரி’ மையத்தை ஆரம்பித்தார்கள். மரியாதையோடு ஒரு நடை போய்ப் பாருங்க. கேட்காம போட்டோ மட்டும் எடுக்காதீங்க, ப்ளீஸ்!

தொழிற்சாலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரியில்தான் ஊரைவிட்டுப் போனது. பீதம்பூருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். மண்ணுக்கடியில் கலந்தது இன்னும் அங்கேயேதான்.

போபாலிலிருந்து ஒரு பாடத்தையாவது கொண்டுவாங்க. நம்ம ஊர்ப் பக்கமும் ஃபேக்டரிகள் நிறைய. என்னிக்காவது வாயு கசிஞ்சா, முதலில் ஜனங்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஓடுங்க. அடுத்த நாளே ஒரு நோட்டோடு தெருத்தெருவா போங்க. பேர், வயசு, அப்போ எங்கே இருந்தாங்க, என்ன செய்யுது... தேதி போட்டு எழுதுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க. இருபது வருஷம் கழிச்சு ஒரு அதிகாரி ‘ஆதாரம் எங்கே?’ன்னு கேட்கும்போது, அவங்க கையில் அது இருக்கணும்!